வேறு எதையோ தேடியவர்கள்

போட்டோடையோடு ஒன்றின் இரண்டு கால்களையும் மல்டிமீட்டரில் மாட்டி, மைக்ரோ ஆம்பியருக்குத் திருப்பி வைத்தேன். எல்இடி பல்புக்கு ஓர் அளவு காட்டியது. கண்ணுக்கு அதே வெளிச்சமாகத் தெரிந்த பழைய குண்டு பல்புக்கு அதைவிட எவ்வளவோ கூடுதலாகக் காட்டியது. டிவி ரிமோட்டை அதன் முகத்தருகே நீட்டி அழுத்தினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மீட்டருக்குத் தெரிந்தது. வெளிச்சத்தை அளக்க வாங்கிய பொருளுக்கு இப்படியொரு கண் எங்கிருந்து வந்தது?

முதல் பதில் அதன் விவரத்தாளிலேயே இருந்தது. மனிதக் கண் பகலில் 555 நானோமீட்டர் பச்சையை நன்றாகப் பார்க்கும். என் கையில் இருந்த பிபிடபிள்யூ 34-க்கு உச்சம் 900; அது அகச்சிவப்பு. சிலிக்கானில் கட்டுண்ட எலக்ட்ரானை விடுவிக்க 1.12 எலக்ட்ரான் வோல்ட் போதும். அதனால் 1100 நானோமீட்டர் வரை எந்த ஒளி பட்டாலும் மின்சாரம் பிறக்கும். குண்டு பல்பு கக்குவதில் பெரும்பங்கு அகச்சிவப்புதான்.

சரி, ஒளிக்கு மின்சாரத்தில் பதில் சொல்லும் இந்தக் குணத்தை முதலில் கண்டது யார்? பின்னோக்கிப் போகப்போக ஒரு வேடிக்கை தென்பட்டது: ஒளியைத் தேடிப் போய் இதைக் கண்டவர்கள் குறைவு. 1873-இல் வில்லோபி ஸ்மித், கடலடித் தந்திக் கம்பியைச் சோதிக்க செலினியம் கம்பிகளை மின்தடையாக வைத்தார். வெளிச்சம் பட்டால் தடை குறைந்தது. ஜகதீஷ் சந்திர போஸ் வானொலி அலையைப் பிடிக்க கலீனா படிகத்தை எடுத்தார். அது ஒளிக்கும் அசைந்து கொடுத்தது. 1901-இல் விண்ணப்பித்த அந்தக் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

சிலிக்கானின் கதையும் அப்படியே. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல், மிகக் குறுகிய வானொலி அலைகளைப் பிடிக்கத் தூய சிலிக்கானைச் சோதித்துக்கொண்டிருந்தார். வெற்றிடக் குழாய்கள் அந்த அலைகளுக்கு ஈடுகொடுக்கவில்லை. 1940 பிப்ரவரியில் அவர் கைக்கு வந்த ஒரு துண்டில் விரிசல் இருந்தது. அதன்மேல் விளக்கொளி பட்டதும் ஏறத்தாழ அரை வோல்ட் எழுந்தது. அதைப் பார்த்த அதே ஆய்வகத்தின் இயற்பியலாளர் வால்டர் பிராட்டன், தன்னை யாரோ கிண்டல் செய்கிறார்கள் என்றே முதலில் நினைத்தாராம்.

காரணம் அழுக்கு. உருகிய சிலிக்கான் ஆறி உறையும்போது அதில் கலந்திருந்த போரான் ஒரு பக்கம் மிகுந்தது, பாஸ்பரஸ் மறுபக்கம் மிகுந்தது. இரண்டும் சந்தித்த இடத்தில் தானாகவே ஒரு பி-என் சந்தி உருவாகியிருந்தது. அங்கே உள்ள மின்புலம், ஒளி விடுவித்த எலக்ட்ரானை ஒரு பக்கமும் அது விட்டுப்போன துளையை எதிர்ப்பக்கமும் தள்ளுகிறது. ஓல் 1941-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1946-இல் வந்தது. 1954-இல் பெல் ஆய்வகம் காட்டிய 6 சதவீதத் திறனுள்ள சூரிய மின்கலமும், இன்றைய போட்டோடையோடும் அந்தச் சந்தியின் வாரிசுகள்தாம்.

ஆக, சிலிக்கான் ஒளியை உணர்ந்தது தற்செயல். நாம் பார்க்கும் ஒளியை மட்டும் உணரும்படி அதைப் பழக்கியது பிற்பாடு திட்டமிட்டுச் செய்த வேலை. பிபிடபிள்யூ 21 என்ற இன்னொரு போட்டோடையோடின் சாளரத்தில் அகச்சிவப்பை மறிக்கும் வடிகட்டி வைத்து, உச்சத்தை 550-க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். வெளிச்சத்துக்கேற்பத் திரையை மங்கவைக்கும் சில்லுகள் சிலவற்றில் இரண்டு டையோடுகள் உண்டு: ஒன்று எல்லாவற்றையும் பார்க்கும், மற்றது அகச்சிவப்பை மட்டும் பார்க்கும், சில்லு தரும் இரண்டு அளவுகளைக் கொண்டு அகச்சிவப்பின் பங்கைக் கழித்துவிடலாம்.

அதனால் ஒளிமானி செய்யக் கிளம்புபவர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இது எவ்வளவு நுட்பமாகப் பார்க்கும்?’ என்பதல்ல. எதையெல்லாம் பார்க்காமல் விடும் என்று கேட்டு வாங்கினால், குண்டு பல்பையும் எல்இடியையும் ஒரே தராசில் வைக்கலாம்.