அந்தக் குரலில் நம் பிள்ளைகளின் பெயரும் இருக்கட்டும்



நமது பிரதேச வானொலியின் மாலை நேர விளையாட்டு நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு, அந்த நேரத்துக்குக் கொழும்பின் தேசிய ஒலிபரப்பையே அஞ்சல் செய்யப் போகிறார்கள் என்று ஒரு கதை அடிபடுகிறது. "நல்லதுதானே, தரமான நிகழ்ச்சி வரும்" என்கிறார்கள் சிலர். "நம்மட வானொலியையும் பறிச்சுட்டானுகள்" என்கிறார்கள் வேறு சிலர். ஆசிரியர் ஓய்வறையில் நாங்களும் இரண்டு நாளாக இதைத்தான் பேசுகிறோம்.

தேசிய ஒலிபரப்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. 1996 மார்ச் 17, லாகூர் இறுதிப் போட்டியை எங்கள் வயதுக்காரர்கள் மறப்போமா? அவுஸ்திரேலியா 241. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. ஏழு விக்கெட்டுகளால் வெற்றி. யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களிலும், ஒரு பற்றரி றேடியோவைச் சுற்றி முழுத் தெருவும் உட்கார்ந்திருந்தது. நாமும் இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று சத்தமாகச் சொல்லிச் சந்தோசப்பட்ட இரவு அது.

ஆனால் அன்று அந்தச் செய்திக்கு வேறு வழி இல்லை. இன்று இலங்கை அணியின் ஸ்கோர் ஒவ்வொரு பந்துக்கும் கைத்தொலைபேசியில் வருகிறது. நம் வலய மட்ட உதைபந்தாட்டத்தின் முடிவு எங்கே வருகிறது?

ஒரு விசயம் சொல்கிறோம். எங்கள் அணியின் கோல் காப்பாளர் ஒரு பிள்ளை. உம்மா இடியப்பம் அவித்து விற்கிறார். மைதானத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அஸருக்குப் பிறகு நடந்த ஒரு போட்டியின் நேர்முக வர்ணனை வானொலியில் போனது. மறுநாள் காலையில் பாடசாலைக் கேற்றடியில் வந்து நின்றார். "சேர், மகன்ட பேரை மூணு தரம் சொன்னாங்க. சட்டியில தண்ணி வத்தினதும் எனக்குத் தெரியல்ல" என்றார். ஓ.எல். எழுதாமல் கடை வேலைக்குப் போகப் போவதாக நின்ற பிள்ளை அவன். அதற்குப் பிறகு பயிற்சிக்கும் பிந்தவில்லை, வகுப்புக்கும் பிந்தவில்லை. நம் உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும் அந்த வர்ணனைதான் மைதானம்.

வானொலிக்காரரின் பக்கமும் இருக்கிறது. ஒரு போட்டியை நேரடியாகத் தருவதென்றால் வாகனம், எரிபொருள், இணைப்பு, இரண்டு வர்ணனையாளர்கள் வேண்டும். விளம்பரம் இல்லாமல் அது ஓடாது. கழகச் சுற்றுப்போட்டிக்கு ஆயிரக்கணக்கில் கிண்ணமும் ரீசேர்ட்டும் கொடுக்கும் நம் கடைக்காரர்கள் வானொலிக்கு ஒரு சிறு விளம்பரம் கொடுப்பதில்லை. எங்களிலும் பிழை இருக்கிறது. இல்ல விளையாட்டுப் போட்டி முடிவுகளை அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். "நாளைக்கு அனுப்புறோம்" என்றோம். அனுப்பவே இல்லை. பிறகு, "ஒரே பழைய செய்தியைத்தான் வாசிக்கிறாங்க" என்று குறை சொன்னதும் நாங்கள்தான்.

எனவே எங்கள் கருத்து இதுதான். இலங்கை அணி விளையாடும் நாளில் கொழும்பு ஒலிபரப்பை அஞ்சல் செய்யட்டும், கேட்போம். மற்ற நாட்களில் அந்த நேரம் ஊருக்கே இருக்கட்டும். தினமும் முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாளாவது. வலய மட்டத்தில் ஓடும் பிள்ளைதான் மாகாணத்துக்கும், அங்கிருந்து அகில இலங்கைப் போட்டிக்கும் போகிறது. தேசிய ஒலிபரப்பு அந்தப் பிள்ளையைக் கடைசிப் படியில்தான் காணும். முதல் படியில் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு குரல் வேண்டும்.

விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களாகிய நாங்கள் இனி ஒவ்வொரு போட்டியின் முடிவையும் அன்றைக்கே வானொலிக்கு அனுப்புவோம், இன்ஷா அல்லாஹ். கழகங்கள் தங்கள் போட்டி அட்டவணையை முன்கூட்டியே கொடுக்கட்டும். கடை வைத்திருக்கும் சகோதரர்கள் மாதம் ஒரு விளம்பரம் கொடுக்கட்டும். நாம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, நிகழ்ச்சி நின்ற பிறகு வானொலியைத் திட்டுவதில் நியாயம் இல்லை.