பாதியாவது

ட்ராவிஸ் மெகீயிடம் யாராவது உதவி கேட்டு வந்தால், போலீசுக்கோ வக்கீலுக்கோ போய்த் தீர்கிற விஷயமா என்றுதான் முதலில் பார்ப்பான். தீரும் என்றால் அவனுக்கு அதில் வேலை இல்லை. எடுத்தவன் சட்டத்துக்குப் பிடிபடாத இடத்தில் நிற்கிறான், கொடுத்தவர் கையில் உருப்படியான ஆதாரம் ஒன்றுமில்லை என்றால் மட்டும் இறங்குவான். கூலி, செலவு போக மீட்டதில் பாதி. கேட்பதற்கு அநியாயமாகத்தான் இருக்கும். ஒன்றுமே வராது என்று விட்டதில் பாதி வந்தால் லாபம்தானே என்பது அவன் கணக்கு.

போன வருஷம் ஒரு ராத்திரி, சாப்பாட்டு மேசையில் இந்தக் கணக்கை அத்தையிடம் சொன்னேன். படித்துக்கொண்டிருந்த நாவலைப் பற்றி சும்மா சொன்னதுதான். அத்தை கை கழுவப் போனவர் அப்படியே நின்று, "பாதியாவது குடுக்கச் சொல்லு தம்பி, மீதிய அவனே வெச்சிக்கட்டும்" என்றார். எவன், என்ன பாதி என்று எனக்குப் புரிய அரைமணி நேரம் ஆனது.

அதற்கு முன் மெகீ எனக்கு எப்படிக் கிடைத்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் சிவில் பொறியாளன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே முடக்கம். 2021 ஜூன் மாதம், முழு முடக்கத்தில் வீட்டிலிருந்தபடி கம்பிக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தபோது ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் ஓர் அடுக்குமாடி இடிந்து விழுந்த காணொளி வந்தது. அங்கே 24-ஆம் தேதி விடியற்காலை ஒன்றரை மணிகூட ஆகவில்லை, நமக்கு மத்தியானம். 12 மாடி, 1981-இல் கட்டியது, கடலைப் பார்த்த கட்டடம். நடுப்பகுதி முதலில் இறங்குகிறது. சில வினாடி கழித்து அதன் பக்கத்துப் பகுதியும் சரிகிறது. 98 பேர் இறந்தார்கள். அலுவலக வாட்சாப் குழுவில் எல்லாரும் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தோம். 2018-இலேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார்: நீச்சல்குளத் தளத்துக்கு வாட்டம் கொடுக்காமல் தட்டையாகப் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் ஓடாமல் தேங்குகிறது, நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டது, காங்கிரீட் கெட்டுக்கொண்டிருக்கிறது. வாட்டம் என்பது எங்கள் தொழிலில் மேஸ்திரிகூட மறக்காத விஷயம். கழிவறைத் தரைக்குக்கூட வாட்டம் பார்ப்போம்.

அந்தச் செய்திகளுக்கு நடுவே யாரோ 1977-இல் வந்த ஒரு நாவலைக் குறிப்பிட்டிருந்தார். ஜான் டி. மெக்டொனால்ட் எழுதிய 'காண்டொமினியம்'. ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் ஒரு மணல் திட்டு, அதன்மேல் ஓய்வு பெற்றவர்களுக்கு விற்பதற்காக மட்டமாகக் கட்டிய அடுக்குமாடி, கடைசியில் ஒரு புயல். நான் புயலுக்காகப் புத்தகத்தை எடுத்தேன். ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது பராமரிப்புக் கட்டணம். விற்கும்போது சொன்ன தொகை ஒன்று, குடியேறியபிறகு கேட்கும் தொகை வேறு. அதற்காக நடக்கும் கூட்டங்கள், வங்கிக் கடன், அனுமதி வாங்க யாருக்கு எவ்வளவு போனது, மெல்லிய சுவர். கொலைகாரனைத் தேடுவதுபோல் அவர் கணக்கு நோட்டைத் தேடிக்கொண்டு போகிறார். மெக்டொனால்ட் 1939-இல் ஹார்வர்டில் வணிக நிர்வாகம் படித்தவர் என்று பிறகு தெரிந்தபோது ஆச்சரியமாக இல்லை. அதன்பிறகு இரண்டாம் உலகப் போரில் இந்தியாவில் இருந்தார். அங்கிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதுவதற்குப் பதிலாக ஒரு சிறுகதை எழுதி அனுப்ப, அந்த அம்மா அதைச் சொல்லாமல் பத்திரிகைக்குக் கொடுத்து 25 டாலருக்கு விற்றுவிட்டார். எழுத்தாளர் ஆனது அப்படி.

அந்த நாவல் முடிந்ததும் அவருடைய துப்பறியும் வரிசைக்குப் போனேன். மொத்தம் 21. முதல் நான்கும் 1964-ஆம் ஆண்டு ஒன்றிலேயே வந்தவை. கடைசி 1985. ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு நிறம் இருக்கும். வாசகன் கடையில் நின்று இதைப் படித்துவிட்டோமா இல்லையா என்று குழம்பாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. நாயகனுக்கு முதலில் வைத்த பெயர் டாலஸ் மெகீ. 1963 நவம்பரில் கென்னடியை டாலசில் சுட்டதும் அந்தப் பெயர் வேண்டாமென்று டாலஸ் ட்ராவிஸ் ஆனான்.

மெகீ ஃபோர்ட் லாடர்டேலின் பாஹியா மார் படகுத்துறையில், எஃப்-18 என்ற இடத்தில் கட்டிய 52 அடிப் படகுவீட்டில் இருக்கிறான். படகின் பெயர் பஸ்டட் ஃப்ளஷ். போக்கர் ஆட்டத்தில் ஒரே இனத்துச் சீட்டு ஐந்து சேரவேண்டிய இடத்தில் சேராமல் போக, சேர்ந்ததுபோலவே முகத்தை வைத்துக்கொண்டு ஏமாற்றிய ஆட்டத்தில் தொடங்கி ஜெயித்த படகு. கார், யாரோ பின்பக்கத்தை வெட்டி லோரிபோல ஆக்கிய பழைய ரோல்ஸ் ராய்ஸ். உரிமம் பெற்ற துப்பறிவாளன் இல்லை, 'மீட்பு ஆலோசகர்' என்று சொல்லிக்கொள்வான். (நம் நாட்டில் இந்த வேலைக்கு 1971-ஆம் ஆண்டின் தனியார் முகவைச் சட்டப்படி உரிமம் வேண்டும். மெகீ இங்கே இருந்திருந்தால் முதல் நாவலோடு வரிசை முடிந்திருக்கும்.) ஓய்வுக்காலத்தை அறுபது வயதுக்குமேல் மொத்தமாக எடுக்காமல், கையில் காசு இருக்கும்போதெல்லாம் தவணை முறையில் எடுக்கிறான். சேமநிதிக் கணக்கை மாதாமாதம் திறந்து பார்க்கும் எனக்கு இது கொலையைவிடப் பெரிய அதிர்ச்சி.

ஊரும் எனக்குப் பழக்கமான ஊர்போல இருந்தது. ஈரக்காற்று, கொசு, சதுப்பு, மத்தியானத்து மழை. ஃபோர்ட் லாடர்டேலில் கண்டல் காட்டைத் தோண்டிக் கால்வாயாக்கி, தோண்டிய மண்ணைப் பக்கத்திலேயே கொட்டி விரல் விரலாக நிலம் செய்து வீடு விற்றார்கள். ஆளுக்கொரு படகுத்துறை. மெகீ ஒவ்வொரு நாவலிலும் துரத்தலை நிறுத்திவிட்டு இதைத் திட்டுவான். சிலருக்கு அந்தப் பக்கங்கள் அலுக்கும். நான் தலையாட்டிக்கொண்டே படித்தேன். வித்தியாசம் புயல்தான். அங்கே 26 பாகை வடக்கு, வருஷம் தவறாமல் பயம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சுழற்காற்று உருவாவது அபூர்வம். 2001 டிசம்பரில் ஜொகூரில் கரையேறிய வாமேய் அப்படியொரு அபூர்வம். நமக்குச் சரிவிலிருந்து வரும். 1993-இல் ஹைலேண்ட் டவர்ஸில் 48 பேர். படிக்கும்போது விரிவுரையாளர் அந்தப் படத்தைத் திரையில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

சரி, அத்தை.

மாமா 2018-இல் தவறிவிட்டார். அவருடைய சேமநிதிப் பணம் வந்ததும், குடும்பத்துக்குத் தெரிந்த ஓர் ஆள் அடிக்கடி வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அத்தையை அக்கா என்று கூப்பிடுவார். சமையலறைப் பைப் ஒழுகியதை மாற்றிக் கொடுத்தார், கேட்டுக்குச் சாயம் அடித்தார். 2019 கடைசியில் போர்ட் டிக்சனில் ஹோம்ஸ்டே தொழிலுக்குப் பங்கு என்று 38,000 ரிங்கிட் வாங்கிப்போனார். மாதம் 600 வரும் என்று பேச்சு. மூன்று மாதம் வந்தது. பிறகு முடக்கம் வந்தது, அவருக்கு அதைவிட நல்ல காரணம் யாரும் கொடுத்திருக்க முடியாது. ஆதாரம், பள்ளிக்கூட நோட்டில் கிழித்த ஒரு தாளில் தொகையும் கையெழுத்தும். அத்தை ஒருமுறை தனியாகப் போலீசுக்குப் போயிருக்கிறார். இது சிவில் கேஸ், லாயரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். லாயர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். எங்கள் யாருக்கும் தெரியாது. "ஒங்கப்பாகிட்ட சொல்லிறாத. அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் கேக்கும், ஏன் குடுத்தேன்னு."

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை அத்தை நிறுத்தியதற்கு முழங்கால் வலிதான் காரணம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

மெகீ வரிசையின் முதல் நாவலான 'த டீப் ப்ளூ குட்-பை'யும் இப்படித்தான் தொடங்குகிறது. (கதை தெரியக்கூடாது என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) போரிலிருந்து கள்ளத்தனமாகச் செல்வம் கொண்டுவந்து ஒளித்துவைத்த ஒரு சிப்பாய் சிறையிலேயே சாகிறான். சிறையில் கூட இருந்த ஜூனியர் ஆலன் விடுதலையாகி நேராக அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கு வருகிறான். அப்பாவின் சிநேகிதன் என்று சொல்லி, எப்போதும் சிரித்துக்கொண்டே, வீட்டில் இதையும் அதையும் பழுது பார்த்துக்கொண்டு தங்குகிறான். ஒருநாள் தேடியது கிடைக்கிறது, ஆளைக் காணோம். சிப்பாயின் மகள் கேத்தி மெகீயிடம் வருகிறாள். அந்தப் 'பழுது பார்த்துக்கொண்டு' வரும் பக்கத்தில் எனக்கு அத்தையின் பைப் நினைவுக்கு வந்து புத்தகத்தை மூடிவிட்டேன். மூடிவைத்து இரண்டு நாள் திறக்கவில்லை.

ஆலன் அடுத்ததாக ஏமாற்றிய பெண் லோயிஸ். மெகீ அவளைக் கண்டுபிடிக்கும்போது சாப்பாடு இல்லாமல், குடித்து, எலும்பாக இருக்கிறாள். புதையலைவிட அவளை ஆளாக்குவதற்கு நாவலில் அதிகக் கவனம் போகிறது. பிறகு அவள் செத்துப்போகிறாள், மெகீ துக்கப்படுகிறான். எனக்கு இதில் கோபம்தான். உடைந்த பெண், சரிசெய்யும் ஆண், அவனுக்குத் துக்கம் வேண்டுமென்பதற்காக அவள் மரணம். வரிசை நெடுக இந்த அச்சு திரும்ப வருகிறது. அறுபதுகளின் மலிவுப் பதிப்பு அப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம், நான் சொல்ல விரும்பவில்லை. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியவில்லை. ஏமாந்தவர் பணத்தை மட்டும் இழப்பதில்லை, தன் புத்திமேல் இருந்த நம்பிக்கையையும் சேர்த்து இழக்கிறார் என்பதற்கு அவர் பக்கம் ஒதுக்குகிறார். நான் படித்த மற்ற துப்பறியும் கதைகளில் ஏமாந்தவர் முதல் அத்தியாயத்தோடு போய்விடுவார்.

என் துப்பறிதல் மூன்று ராத்திரியில் முடிந்தது. எஸ்.எஸ்.எம் தளத்தில் சில ரிங்கிட் கட்டினால் கம்பெனி விவரம் வரும். இயக்குநர்கள் அவரும் மனைவியும், செலுத்திய மூலதனம் 2 ரிங்கிட். முகவரி ஒரு சலவைக்கடைக்கு மேல்மாடி. போய்ப் பார்த்தேன், ஷட்டர் இறங்கி பூட்டுத் துருப்பிடித்திருந்தது. ஃபேஸ்புக்கில் போர்ட் டிக்சன் ஹோம்ஸ்டே என்று தேடிக்கொண்டே போனதில் ஒரு விளம்பரத்தில் அதே கைப்பேசி எண். குடும்பத்தோடு தங்க வேண்டும் என்று செய்தி அனுப்பினேன். முன்பணம் 50 கேட்டார், அனுப்பினேன். மெகீயாக இருந்தால் இதை வேறு மாதிரி செய்திருப்பான்.

தனியாகப் போகலாம் என்றிருந்தேன். அத்தை சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே சேலை கட்டி, அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்துவிட்டார். வழியில் ஒன்றும் பேசவில்லை. செரம்பான் தாண்டியதும் பசியாறலாமா என்று மட்டும் கேட்டார்.

சாவியைக் கொடுக்க அந்த ஆளே வந்தார். காரிலிருந்து இறங்கிய அத்தையைப் பார்த்ததும் ஒரு நொடிதான். உடனே சிரித்துக்கொண்டு, "வாங்கக்கா, எப்படி இருக்கீங்க" என்றார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன், தொண்டை அடைத்தது. அத்தை என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"அந்தப் பைப்ப மாத்திக் குடுத்தியே, அப்பவே மனசுல இருந்துச்சா?"

அவர் பதில் சொல்லவில்லை. சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. அத்தை அதே கேள்வியை இன்னொரு தடவை, கோபமே இல்லாமல் கேட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் என் வேலை. கடனுக்கு வழக்கு போட நம் சட்டத்தில் 6 வருஷம்தான், இன்னும் ஒரு வருஷம்தான் மிச்சம் இருந்தது. ஆனால் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்தக் கணக்கு அன்றிலிருந்து மறுபடி தொடங்கும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டு, தாளை அடித்து எடுத்துப் போயிருந்தேன். தொகை, தேதி, அடையாள அட்டை எண். கார் பானெட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பையிலிருந்த 500 ரிங்கிட்டைக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் பாதியில் விட்ட ஓர் அடுக்குமாடி, தூண் கம்பிகள் வெளியே நீட்டித் துருவேறிக் கிடந்தன. அந்த நேரத்திலும் கம்பியின் அளவைக் கண் எடுத்துக்கொண்டிருந்தது.

அதன்பிறகு மூன்று தடவை 500 வந்திருக்கிறது. ஆகமொத்தம் 2,000. பாதி என்றால் 19,000, இந்த வேகத்தில் எனக்கு எத்தனை வயதாகும் என்று கணக்குப் போட்டேன், அத்தைக்கு எத்தனை என்று போடவில்லை. அத்தை கோயிலுக்குப் போக ஆரம்பித்திருக்கிறார், முழங்கால் வலியோடுதான். அப்பாவிடம் அவரே சொல்லிவிட்டார். அப்பா, நினைத்ததுபோலவே, ஏன் கொடுத்தாய் என்றுதான் கேட்டார்.

பாஹியா மாரில் எஃப்-18-இல் 1987-இல் நினைவுப் பலகை வைத்தார்களாம், மெக்டொனால்ட் இறந்த சில வாரங்களில். இருந்திராத படகுக்குப் பலகை. அதன் படத்தை அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நன்றாகப் பார்த்துவிட்டு, "இந்தாளுதானா அந்தப் பாதி கேக்கறவரு" என்றார்.

முதல் 500 வந்த அன்று வீடு திரும்பியதும் ஓர் உறையை என் சட்டைப் பையில் திணித்தார். உள்ளே 250. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. செலவு போகத்தான் பாதி அத்தை என்று விதியைச் சொன்னேன். சரி செலவைச் சொல்லு என்று உட்கார்ந்துவிட்டார். பெட்ரோல், டோல், காலைப் பசியாறல் என்று சொல்லிக்கொண்டு வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. அறைக்குக் கட்டிய என் 50 ரிங்கிட் முன்பணத்தை அந்த ஆளிடமிருந்து திருப்பி வாங்கவே இல்லை.