இறந்த மொழி செய்த உதவி

வழக்கொழிந்த ஒரு மொழியைக் கற்பதனால் வாழ்கின்ற மனிதனுக்கு விளையும் பயன் யாது என்று எவரேனும் என்னை வினவினால், நான் உடனே விடை கூறுவதில்லை. நீல அட்டையிட்ட பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்து வந்து அவர்முன் வைப்பேன். அதன் முதற்பக்கத்தில் இலத்தீன் சொற்கள் மூன்று இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் இருப்பவை கன்னடச் சொற்கள். இவற்றுக்கு இடைப்பட்ட பக்கங்களில் என் வாழ்வின் ஒரு பகுதி அடங்கியுள்ளது.

2008ஆம் ஆண்டில், மைய அரசு அலுவலகத்தில் எழுத்தனாயிருந்த நான் பணஜிக்கு மாற்றப்பெற்றேன். மைய அரசு ஊழியர்க்கென நடத்தப்பெறும் இந்தித் தேர்வுகளுள் 'பிரபோத்' எனக்கு ஒருவாறு கைகூடியிருந்தது. அடுத்ததாகிய 'பிரவீண்' என்னை இருமுறை வீழ்த்திற்று. பள்ளியிலும் கல்லூரியிலும் தோல்வியறியாத எனக்கு அது பெருந்தலைகுனிவு. தொலைபேசியில் உசாவிய தந்தையாரிடம், "முடிவு இன்னும் வரவில்லை அப்பா" என்று பொய் கூறினேன்.

என்னை வீழ்த்தியது இந்தியின் பால்பாகுபாடு. ஆணை ஆண்பாலாகவும் பெண்ணைப் பெண்பாலாகவும், உயிரற்றவற்றை அஃறிணையாகவும் வழங்குதல் தமிழர்க்கு இயல்பு. இந்தியிலோ நூல் பெண்பால், காகிதம் ஆண்பால். இதற்கு நியாயம் தேடித்தேடி நான் அயர்ந்தேன்.

நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுபது வயது கடந்த பெரியவர். கோவா 1961 வரை போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்ததன்றோ? அக்காலத்துப் பள்ளியில் இலத்தீன் பயின்றவர் அவர். மாலை வேளைகளில் வீட்டு முகப்பில் அமர்ந்து ஆங்கிலத்தில் உரையாடுவோம். என் இந்திப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த அவர் ஒருநாள், "இதைச் சற்று மூடி வையுங்கள். இலத்தீன் வாக்கியம் ஒன்று சொல்லித் தருகிறேன்" என்றார். "புவெல்லா ரோசம் அமத்" என்பது அவ்வாக்கியம். சிறுமி ரோசாமலரை விரும்புகிறாள் என்று பொருள். எங்கள் ஊரில் 'ரோசம்' என்பதற்குப் பொருளே வேறு என்று நான் கூற, அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் அடுத்த நொடியில் என் சிரிப்பு வியப்பாயிற்று. 'ரோசா' என்னும் சொல் 'ரோசம்' என ஈறு திரிந்தவுடன் 'ரோசாவை' என்னும் பொருள் வந்துவிட்டது. சொற்களை முன்பின்னாக மாற்றினும் பொருள் கெடவில்லை. வினை இறுதியில் நிற்கிறது. 'அமோ' என்ற ஒரு சொல்லே 'விரும்புகிறேன்' என்று பொருள் தருவதால் 'நான்' எனத் தனியே கூறவும் வேண்டுவதில்லை. இவையனைத்தும் நம் வீட்டுச் சரக்கு அல்லவா? எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த வேற்றுமை உருபுகள் அன்றுதான் எனக்கு விளங்கின. அயல்மொழியின் கண்ணாடியில் தாய்மொழியின் முகத்தை முதன்முறையாகக் கண்டேன்.

பின்னர்ப் பெரியவர் பாலைப் பற்றிச் சொன்னார்: "பால் பொருளில் இல்லை, சொல்லில் இருக்கிறது. எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியே படிக்காதீர்கள். ஓர் அடைமொழியோடு சேர்த்தே படியுங்கள். நாங்கள் இலத்தீனை அப்படித்தான் படித்தோம்." அன்றிரவே, 'அச்சீ கிதாப்', 'அச்சா காகஜ்' என்று இணை இணையாக எழுதத் தொடங்கினேன். நியாயம் தேடுவதை விட்டேன். செவி பழகிற்று.

இந்தியின் இறந்தகாலம் அடுத்த தடை. நான் எழுதிய வினை எனக்கு இயையாமல், எழுதப்பட்ட பொருளுக்கு இயைவது ஏன்? பெரியவர் இரண்டு தொடர்களை எழுதினார். 'எபிஸ்துலா ஸ்கிரிப்தா எஸ்த்' என்றால் கடிதம் எழுதப்பட்டது. 'லிபெர் ஸ்கிரிப்துஸ் எஸ்த்' என்றால் நூல் எழுதப்பட்டது. கடிதம் பெண்பாலாதலின் 'ஸ்கிரிப்தா'. நூல் ஆண்பாலாதலின் 'ஸ்கிரிப்துஸ்'. இந்தியிலும் 'மைம்னே சிட்டீ லிகீ', 'மைம்னே லேக் லிகா' என்று அமைவதை அவற்றின் அருகே எழுதிப் பார்த்தேன். 'என்னால் எழுதப்பட்டது' என்று உள்ளத்தில் கொண்டால் சிக்கல் அவிழ்ந்துவிடுகிறது. மூன்றாம் முறை தேறினேன். தந்தையாரிடம் தேர்ச்சியோடு பழைய பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். "அது எனக்கு அப்போதே தெரியுமடா" என்றார் அவர்.

குறிப்பேட்டின் முதற்பக்கத்து மூன்று சொற்களுக்கு இப்போது வருகிறேன். 'ஒக்தோ' எட்டு, 'நொக்தெம்' இரவை, 'லக்தெம்' பாலை. இத்தாலியர் இவற்றை ஒத்தோ, நொத்தே, லாத்தே என்பர். இசுபானியர்க்கு இவை ஓச்சோ, நோச்சே, லேச்சே. போர்த்துகீசியர்க்கோ ஒய்து, நொய்த், லெய்த். இலத்தீனின் 'க்த்' இத்தாலியில் 'த்த்' ஆயிற்று. இசுபானியத்தில் 'ச்' ஆயிற்று. போர்த்துகீசியத்தில் 'ய்த்' ஆயிற்று. ஒலிகள் தம் மனம்போல் மாறுவதில்லை, விதிவழியே மாறுகின்றன. தாயை அறிந்தவனுக்கு மகளிரை அடையாளம் காணுதல் எளிது. அலுவலகத்தில் யாரும் தொடாத பழைய போர்த்துகீசியத் தாள்களின் தலைப்புகளை மெல்லமெல்லப் படிக்க அதனால் எனக்கு இயன்றது.

நம் தமிழும் இலத்தீனுக்கு அயலானதன்று. சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் இலத்தீன் மொழியில், செர்மனியின் ஆலே நகரில் 1716இல் அச்சாயிற்று. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் இலத்தீனில் இலக்கணம் வரைந்தார். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அம்மொழியிற் பெயர்த்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த அறிஞர்க்கு இலத்தீன் ஓர் அளவுகோலாயிருந்தது.

எனினும் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அளவுகோல் எல்லாவற்றையும் அளந்துவிடாது. 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் கேட்போனைச் சேர்த்தும் விலக்கியும் நாம் கூறும் நுட்பம் இலத்தீனில் இல்லை. அங்கே இரண்டிற்கும் 'நோஸ்' ஒன்றே. மேலும், போர்த்துகீசியம் ஒன்றே வேண்டுவோர் அதனை நேராகவே கற்கலாம். அதற்காக இலத்தீனில் ஆண்டுகளைச் செலவிடத் தேவையில்லை. இலத்தீன் எனக்குத் தந்தது சொற்களைக் காட்டிலும் ஒரு பார்வை.

அப்பார்வை பெங்களூருக்கு மாற்றலாகி வந்தபோது கைகொடுத்தது. பால் இங்கே 'ஹாலு'; பத்து 'ஹத்து'; புலி 'ஹுலி'; பல் 'ஹல்லு'; பூ 'ஹூவு'. பழங்கன்னடத்தில் பகரமாயிருந்த முதலெழுத்து பின்னர் ஹகரமாயிற்று. இவ்வொரு விதி எனக்குப் பல சொற்களை ஒருசேரத் தந்தது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இலத்தீனும் போர்த்துகீசியமும் தாயும் மகளும். தமிழும் கன்னடமுமோ ஒரு தாய் வயிற்று உடன்பிறப்புகள். இவற்றுள் எதுவும் மற்றொன்றை ஈன்றதன்று.

சென்ற ஆண்டு, இங்கேயே வளரும் என் மகன், "வீட்டில்தான் தமிழ் பேசுகிறேனே அப்பா, எழுதப் படிக்கக் கற்று எனக்கு என்ன பயன்?" என்றான். சினம் வந்தது, அடக்கிக்கொண்டேன். தொன்மை, பெருமை என்று அவனிடம் பேசத் தொடங்கியிருந்தால் அவன் எழுந்து போயிருப்பான். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பாலையும் ஹாலுவையும் காட்டினேன். சற்றுநேரம் உற்றுப் பார்த்தவன், "அப்படியானால் புஸ்தகா ஏன் ஹுஸ்தகா ஆகவில்லை?" என்று கேட்டானே பார்க்கலாம்! அது வடமொழியிலிருந்து இரவலாக வந்த சொல், இந்த வீட்டுப் பிள்ளையன்று என்றேன். "அப்போது, பள்ளியில் படிக்கும் சொற்களில் எது வீட்டுப் பிள்ளை, எது விருந்தாளி என்று கண்டுபிடிக்கலாமா?" என்றான்.

அன்றுமுதல் அக்குறிப்பேடு அவனிடம் இருக்கிறது. தமிழ்ச் சொற்களைப் பிழையுடன்தான் எழுதுகிறான். பழத்தைப் 'பளம்' என்கிறான். ஆயினும் நாள்தோறும் ஓரிரு சொற்கள் கூடுகின்றன. பணஜிப் பெரியவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. என் மகன் இலத்தீன் படிக்கப் போவதில்லை. படிக்க வேண்டும் என்று நானும் விரும்பவில்லை. அவனுக்குரிய இலத்தீன் அவன் வீட்டிலேயே உயிரோடிருக்கிறது. சங்கத்து அன்பர்கள் தத்தம் பிள்ளைகளுக்கு அத்தகைய குறிப்பேடு ஒன்றை வாங்கித் தருவார்களாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நான் பெற்றவனாவேன்.