வேல்ஸ் நாட்டுத் தொப்பி

விக்டோரியா மகாராணி காலத்தில் வேல்ஸ் நாட்டுக்கு உல்லாசப் பிரயாணம் சென்ற ஆங்கிலேயர் ஞாபகார்த்தமாக வாங்கி வந்த அச்சுப் படங்கள் சிலவற்றைப் பார்த்தோம். உயரமான கறுப்புத் தொப்பி, கம்பளி அங்கி, சால்வை. நடக்கும்போதே கைகள் காலுறை பின்னுகின்றன. அழகுதான்! ஆயினும், ஊருக்கு ஊர் வேறுபட்ட குடியானவப் பெண்களின் உடையைப் படக்காரர்கள் ஒரே அச்சில் வார்த்துவிட்டார்கள்.

பின்னாளில் லானோவர் சீமாட்டியான அகஸ்டா ஹால், 1834-ல் பரிசு பெற்ற கட்டுரையில், அந்நாட்டு உடையையும் பாஷையையும் சேர்த்தே பேணச் சொன்னார். உடை படமாகி விலைபோயிற்று. பாஷையின் கதி? 1847-ல் வெளியான அரசாங்க அறிக்கை, அது முன்னேற்றத்துக்குத் தடை என்றது. அப்பெண்களின் ஒழுக்கத்தையும் பழித்தது. இப்படிப் பழிக்கப்பட்ட பெண்ணின் படத்தைத்தான் காசு கொடுத்து வாங்கினார்கள், விந்தையல்லவா? நாம் பார்த்த படங்களின் கீழே தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது.