மறுவீட்டுச் சொதி

காரில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள், வழியில் சொந்தக்காரர் வீடு இருந்தால் சொல்லாமல் தாண்டிப் போய்விட வேண்டும் என்பார்கள் என் நண்பர்கள். நுழைந்தால் காபி, காபி முடிந்தால் சாப்பாடு, அது முடிந்தால் கல்யாண ஆல்பம். கோயில் குளம் பார்க்க நேரமே இருக்காது என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் ஊரில் உரிமையோடு போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு இருந்தால், அந்த வீட்டிலிருந்துதான் அந்த ஊரைப் பார்க்கத் தொடங்க வேண்டும். திருநெல்வேலி எனக்கு அப்படித்தான் பழக்கமானது.

ஈரோட்டிலிருந்து கன்னியாகுமரிக்கு நானும் மனைவியும் காரில் போய்க்கொண்டிருந்தோம். மதுரை தாண்டி, சாத்தூர், கோவில்பட்டி எனக் கரிசல் காட்டின் நடுவே நான்குவழிச் சாலை. கயத்தாறில் மட்டும் இறங்கினோம். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். அவர் நினைவிடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டு, காற்றாலைகளைப் பார்த்தபடியே நெல்லைக்குள் நுழைந்தோம்.

மனைவியின் சித்தி, எனக்கு அத்தை முறை. வீடு சிந்துபூந்துறையில், ஜங்ஷனுக்குப் பக்கத்தில். "வாங்க மாப்ளே, வாங்க" என்று என்னை அழைத்தவர், அவளைப் பார்த்ததும், "ஏட்டி, கலியாணம் முடிஞ்சு இப்பந்தான் ஒனக்கு வழி தெரிஞ்சுதா?" என்றார். என் மனைவி வளர்ந்தது சென்னையில். ஆனால் வாசல்படி ஏறியதும் அவள் பேச்சு மாறிவிட்டது. 'வாரேன்', 'சொல்லுதேன்' என்று அவள் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மதியம் சொதி. நெல்லையில் கல்யாணம் முடிந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் மறுவீட்டு விருந்தில் இது தவறாது. எங்கள் கல்யாணம் நடந்த அவசரத்தில் அந்த விருந்து விட்டுப்போயிருந்தது. அத்தைக்கு அது மனத்தில் கிடந்திருக்கிறது. தேங்காய்ப் பாலை மூன்று தடவை பிழிந்து தனித்தனியாக வைத்திருந்தார். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட் எல்லாம் வெந்ததும், குழைய வேகவைத்த பாசிப்பருப்பைச் சேர்த்தார். கெட்டியான முதல் பால் கடைசியில்தான். அதை ஊற்றியபின் கொதிக்கவே விடக் கூடாது, திரிந்துபோகும் என்று அடுப்பை விட்டு நகராமல் நின்றார். இறக்கி வைத்து, சூடு சற்றுத் தணிந்ததும் எலுமிச்சம்பழச் சாறு. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். அத்தனை தேங்காய்ப் பாலும் செரிக்க வேண்டுமே.

சாப்பிட்டு எழுந்து மின்விசிறி சுவிட்சைத் தேடினேன். என் தலை உயரத்துக்கு மேலே இருந்தது. பிறகுதான் வீட்டைக் கவனித்தேன். பிளக் பாயின்ட் ஒன்றுகூட நெஞ்சுக்குக் கீழே இல்லை. ஃபிரிட்ஜ் இடுப்பளவு சிமெண்ட் மேடையில் நின்றது. அரிசி டின் பரணில். பத்திரமும் ரேஷன் கார்டும் பிளாஸ்டிக் பையில் கட்டி, எல்லாவற்றுக்கும் மேலே.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது அப்போதுதான். மேலே அணைகளில் திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து வந்தது. கலெக்டர் ஆபீசைச் சுற்றியே வெள்ளம் நின்றது. ஆற்றை ஒட்டிய தெருக்களைச் சொல்ல வேண்டியதில்லை. அத்தையும் மாமாவும் பக்கத்து மாடி வீட்டில் ராத்திரி முழுக்க விழித்திருந்தார்கள். தண்ணீர் வடிந்தபின் சேற்றை வழித்துக் கொட்டியதையும், கல்யாண ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனதையும் அத்தை நிதானமாகவே சொன்னார். "ஆத்தக் குத்தஞ் சொல்ல முடியுமா மாப்ளே? அதுதான சோறு போடுது."

காவிரிக்கரையில் வளர்ந்த எனக்கு இந்தப் பேச்சு புரிந்தது. ஆனால் காவிரி எங்கள் ஊருக்கு எங்கிருந்தோ வருகிறது. தண்ணீர் விடுவார்களா மாட்டார்களா என்று காத்திருந்தே எங்களுக்குப் பழக்கம். பொதிகையில் பிறந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணிக்கு, தொடக்கமும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்தான். இங்குள்ளவர்கள் அதைப் பற்றி வீட்டு ஆளைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறார்கள்.

மாலையில் மாமா எங்களை டவுனுக்குக் கூட்டிப்போனார். பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்றவர். எதையும் நிறுத்தி, தொட்டுக் காட்டித்தான் சொல்வார். நெல்லையப்பர் சந்நிதியையும் காந்திமதியம்மன் சந்நிதியையும் இணைக்கும் சங்கிலி மண்டபம் 1647இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டியது. அதற்கு முன் இரண்டும் தனித்தனிக் கோயில்கள் என்றார். மணி மண்டபத்து இசைத்தூண்களில் சிறு தூண்கள் பல ஒரே கல்லிலிருந்து வெளியே வந்திருக்கின்றன. தாமிர சபையின் மர வேலைப்பாட்டை விட்டு வர என் மனைவிக்கு மனம் வரவில்லை. வெளியே கீழரத வீதியில் இருட்டுக்கடை முன்னால் கூட்டம். இலையில் வைத்துக் கொடுத்த சூடான அல்வாவை நின்றபடியே தின்றோம்.

மறுநாள் விடியற்காலை குறுக்குத்துறை முருகன் கோயில். நான் நெல்லையைப் பற்றிப் படித்ததிலெல்லாம் அல்வாவும் நெல்லையப்பரும் இருந்தார்கள்; இந்த முருகனுக்கு ஒரு வரிக்கு மேல் இல்லை. இவர் குடியிருப்பதோ ஆற்றுக்குள்ளேயே, பாறையில். வெள்ளம் வந்து மோதும் பக்கத்தில் கோயிலைப் படகின் முனைபோலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். கதவைப் பூட்டி ஆற்றை வெளியே நிறுத்தும் எண்ணமே கட்டியவர்களுக்கு இல்லை. தண்ணீர் உள்ளே புகுந்து, சுற்றி, தன் வழியில் போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். ஆறு பெருகும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். பாறையிலேயே இருக்கும் மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். வடிந்ததும் மண்ணை வாரி, கழுவிவிட்டு, மறுபடி பூஜை. 2023லும் அப்படித்தான். "தண்ணி வந்தா மேல போயிருவாரு, வடிஞ்சா எறங்கி வந்துருவாரு" என்றார் மாமா.

ஆற்றங்கரையில் இருப்பதன் ஆபத்தை அவர் மறைக்கவில்லை. கரையை நெருக்கிக் கட்டிய கட்டடங்களையும், ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலக்கும் இடத்தையும் கையை நீட்டிக் காட்டினார். குரல் தடித்தது. வெள்ளத்தைப் பற்றிச் சொன்னபோது வராத கோபம் அது. அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆறு வீட்டுக்குள் வந்ததைப் பொறுத்துக்கொண்டவருக்கு, ஆற்றுக்குள் வீட்டுக் கழிவு போவதைப் பொறுக்க முடியவில்லை.

அங்கிருந்து கொக்கிரகுளம் வந்து சுலோசன முதலியார் பாலத்தைப் பார்த்தோம். 1843இல் திறந்தது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்ததாராக இருந்தவர், நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே சனங்கள் படகுக்குக் காத்துக் கிடந்ததைப் பார்த்துத் தன் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தார். பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. பழையதிலும் பஸ்கள் ஓடுகின்றன. மேலே நின்றால் ஒன்றும் தெரியாது, கீழே இறங்கி வளைவுகளைப் பாருங்கள் என்றார் மாமா. இறங்கிப் பார்த்தோம். 2023 வெள்ளத்தின் முழு வேகத்தையும் தாங்கிய கல்லும் காரையும்.

கன்னியாகுமரி சூரியோதயத்துக்கு அறை போட்டிருந்தோம், அதை ஒத்திவைத்தோம். அடுத்த ஆனித் தேருக்கு வருவதாக வாக்கும் கொடுத்தாயிற்று. அதற்குள் மாடியில் ஓர் அறை எடுத்துவிடுவதாக அத்தை சொல்லியிருக்கிறார். கம்பியும் ஜல்லியும் இறங்கிவிட்டன. கீழே இருக்கிற தேக்கு பீரோவை மேலே ஏற்ற நாலு பேராவது வேண்டும். அதில் ஒரு கை மாப்பிள்ளையுடையது என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.