அரை மணி நேரம்

விடுமுறைச் சுற்றுலா ஒன்றுக்குத் திட்டம் வகுப்பது, மறையுரைக்கு ஆயத்தம் செய்வதைவிடக் கடினமானது என்பதை ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அறிந்துகொண்டேன். மறையுரையில் எதையேனும் சொல்லாமல் விட்டால் மக்கள் மன்னித்துவிடுகிறார்கள். சிலர் மகிழ்ச்சியும் அடைகிறார்கள். சுற்றுலாத் திட்டத்தில் ஓர் இடத்தை விட்டுவிட்டாலோ மன்னிப்புக் கிடையாது.

நெய்வேலியில் எங்கள் பங்கைச் சேர்ந்த பதினெட்டுக் குடும்பங்கள் மூன்று நாள் கடற்கரைக்குச் சென்றுவர விரும்பின. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் இரவு பகலென்று ஷிப்ட் மாறி மாறி உழைக்கும் வீடுகளில், தந்தையும் தாயும் பிள்ளைகளும் சேர்ந்தமர்ந்து உண்பதே அரிது. ஆதலால் அவர்களது விருப்பம் எனக்கும் உகந்ததாகவே பட்டது. எங்கே போவது என்பதில்தான் சிக்கல். இளைஞர்கள் அந்தமான் என்றனர்; ஒருவர் மாலத்தீவு என்றார். செலவுக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் இரண்டும் கடலுக்கு அப்பாலேயே நின்றுவிட்டன.

"நமக்கென்றே ஒரு தீவு இருக்கிறதே! விருத்தாசலத்தில் இரவு இரயிலேறினால் காலையில் போய்ச் சேரலாமே!" என்றேன். இராமேசுவரம் அமைந்துள்ள பாம்பன் தீவைத்தான் சொன்னேன். அனைவரும் இசைந்தனர். திட்டம் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

உள்ளபடியே ஆர்வத்தோடு அமர்ந்தேன். 1914 ஆம் ஆண்டின் பழைய பாம்பன் பாலத்துக்கு அருகே, 2025 ஏப்ரல் 6 ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய இரயில் பாலம் இருக்கிறது. கப்பல் வரும்போது அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும்பும். இராட்சத இயந்திரங்களோடு பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதுவே பாதித் திருவிழா. இராமநாதசுவாமி கோயிலின் நெடிய பிராகாரத்தையும், ஏறத்தாழ 1,200 தூண்களின் அணிவகுப்பையும் பிள்ளைகள் காண வேண்டும். படகோட்டிய ஒரு முஸ்லிம் பெரியவரின் மகனாக 1931 இல் அத்தீவில் பிறந்து, திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் பயின்று, நாட்டின் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் அவர்களின் நினைவிடம் பேய்க்கரும்பில் உள்ளது. தங்கச்சிமடத்தை அடுத்த வேர்க்காட்டில், பல சமயத்தாரும் கூடும் புனித சந்தியாகப்பர் ஆலயம் உண்டு.

இறைவனின் படைப்போ இன்னும் பெரிது. தூத்துக்குடி முதல் மண்டபம் வரை விரிந்து கிடக்கும் 21 சிறு தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப் பாறைகளும், கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா எனப்படும் கடற்பசுவும், ஆமைகளும் அங்கு உள்ளன. தனுஷ்கோடியின் ஆழமற்ற நீர்ப்பரப்புக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. 2025 இல் அப்பகுதி பூநாரைச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. கோடையின் வெயிலைத் தவிர்த்துத் தை மாதமே செல்வது என்று முடிவு செய்தேன்.

இவற்றையெல்லாம் நேர வாரியாக எழுதி ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். இரண்டாம் நாள் பட்டியலில் ஒரு வரி இவ்வாறு இருந்தது: "தனுஷ்கோடி. சிதைந்த ஆலயம், புகைப்படம் எடுத்தல். அரை மணி நேரம்."

ஞாயிறு திருப்பலி முடிந்து அனைவரும் கலைந்த பின்னும், எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டி அப்பலகையின் முன் நின்றுகொண்டிருந்தார். மகனோடு நெய்வேலியில் வாழ்பவர், அதிகம் பேசாதவர். அருகே சென்றேன்.

"சாமி, எங்க கோயிலுக்கு அரை மணி நேரமா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே தொடர்ந்தார்: "நான் ஞானஸ்நானம் வாங்கின கோயில் சாமி அது."

அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர் என்பதை இத்தனை ஆண்டுகளில் நான் கேட்டறியவே இல்லை. சென்னையிலிருந்து வந்த இரயில் அங்கு நிற்க, பயணிகள் கப்பலேறி இலங்கைத் தலைமன்னாருக்குச் சென்ற காலத்தில், அவருடைய தந்தை துறையில் மூட்டை சுமந்தவர். 1964 டிசம்பர் 22. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் தைக்கக் கொடுத்திருந்த சட்டையை வாங்கிவர, தாயும் பதினொரு வயது மகளும் தங்கச்சிமடத்து உறவினர் வீட்டுக்குப் போயிருந்தனர். அன்றிரவுதான் புயலும் கடலும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில் தன்னுள் இருந்தவர்களோடு அலைகளில் மறைந்தது. தந்தையும் தம்பியும் திரும்பவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த அவ்வூருக்குத் தாயும் மகளும் மீண்டும் போகவே இல்லை.

"அந்தச் சட்டையை நான் போட்டுக்கவே இல்ல சாமி," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அன்று பிற்பகல் எனக்கு உணவு செல்லவில்லை. ஒருவருடைய கல்லறையை நான் காட்சிப் பொருளாகப் பட்டியலில் எழுதி, அதற்கு நேரமும் குறித்திருந்தேன். எரியும் முட்செடியின் முன் மோயீசன் மிதியடியைக் கழற்றியதைப் பற்றி எத்தனை மறையுரைகள் ஆற்றியிருப்பேன்! பிறர் அழுத இடமும் புனித நிலமே என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை?

மாலையில் திட்டத்தைத் திருத்த மீண்டும் குழுவைக் கூட்டினேன். நடந்ததைச் சொன்னேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் மெல்லச் சொன்னார்: "அந்த அம்மாவுக்குச் சுவராவது நிக்குது சாமி. எங்க ஊரு எந்த இடத்துல இருந்ததுன்னு எனக்கே இப்போ காட்டத் தெரியாது."

அவருடைய கிராமம் சுரங்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட கிராமம். நெய்வேலியில் 1957 இல் சுரங்கப் பணி தொடங்கியது முதல் ஊரும் வயலும் கொடுத்தவர்கள் பலர். அங்கிருந்து எழும் மின்சாரத்தால் எத்தனையோ இல்லங்களில் விளக்கெரிகிறது. அவ்விளக்கொளியில்தான் நானும் மறையுரை எழுதுகிறேன். ஆயினும் அவர் பிறந்த வீட்டின் இடத்தில் இன்று இருப்பது பள்ளமா, மண்மேடா என்று அவரால் சொல்ல இயலவில்லை. நெடுநேரம் எவரும் பேசவில்லை.

அதன் பின் உருவான திட்டம் வேறு. குருமடத்தில் நாங்கள் கற்ற இலத்தீன் மொழியில் 'ஓஸ்பெஸ்' என்றொரு சொல் உண்டு. விருந்தினனையும் அது குறிக்கும், விருந்தளிப்பவனையும் குறிக்கும். பார்வையாளராக அல்ல, விருந்தினராகச் செல்வோம் என்று தீர்மானித்தோம்.

விருந்தினர் வீட்டுப் பொருளை எடுத்துவருவதில்லை. ஆகவே பவளத்துண்டு, உயிருள்ள சங்கு, நட்சத்திர மீன் எதையும் பிள்ளைகள் எடுக்கலாகாது. பவளங்கள் 2001 முதல் சட்டத்தால் காக்கப்படுபவை. முன்னர் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் அவை வெட்டியெடுக்கப்பட்டதும், அந்த 21 தீவுகளில் சில நீரில் மூழ்கியதற்கு ஒரு காரணம். தோண்டுவதன் பலனையும் விலையையும் நெய்வேலிப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது எளிது. வனத்துறையின் அனுமதியின்றி எந்தத் தீவிலும் கால் வைப்பதில்லை. பூநாரைகளைக் கிட்டே சென்று கலைப்பதில்லை.

விருந்தினர் வீட்டாரிடம் பேசுவார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் பாம்பன் பகுதியில் உள்ளனர். கடல் மீண்டும் தழைக்க வேண்டுமென்று, பாசி எடுக்கும் நாட்களைத் தாங்களாகவே கூடிக் குறைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்கள் சம்மதித்தால் ஒரு பிற்பகல் அவர்களோடு அமர்வோம்; சம்மதமின்றிப் புகைப்படம் எடுப்பதில்லை. தனுஷ்கோடியில் இன்றும் குடிசைகளில் வாழும் மீனவரிடமே மீன் வாங்கி உண்போம்.

இரண்டாம் நாள் காலை முழுவதையும் தனுஷ்கோடிக்கென ஒதுக்கினோம். பவளக்கல்லால் எழுப்பிய அந்தச் சுவர்களுக்கிடையே, கூட்டம் வருமுன் செபமாலை சொல்வோம். அதற்கு எதிரே நேரம் எதுவும் குறிக்கவில்லை.

புதிய தாளை எடுத்துக்கொண்டு மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்டேன். வருவதாக உடனே சொல்லவில்லை. தாளை இருமுறை படித்தார். பிறகு, "ரெண்டு மெழுகுதிரி வேணும் சாமி; காத்துல அணையாம இருக்கக் கண்ணாடிக் கூண்டும் வேணும்," என்றார். செய்தி எப்படியோ ஓய்வுபெற்ற அந்தத் தொழிலாளியை எட்டியிருக்கிறது. மறுநாள் பூசைக்கு முன் என்னைத் தேடி வந்து, "எனக்கும் ஒண்ணு. எங்க ஊருக்கு," என்றார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, நீங்களும் விடுமுறைக்குப் புறப்படுங்கள்; கடலில் குளியுங்கள், பிள்ளைகளோடு சிரித்து மகிழுங்கள்; அதுவும் இறைவனின் கொடையே. ஆனால் செல்லும் ஊரில் யாருடைய வீடு இருந்தது, யார் இன்று வாழ்கிறார்கள் என்று புறப்படுமுன் ஒருமுறை கேளுங்கள். உங்கள் பங்கிலேயே, அடுத்த இருக்கையிலேயே, அதை அறிந்தவர் அமர்ந்திருக்கக்கூடும்.

தை மாதம் நாங்கள் புறப்படுகிறோம். எங்களுக்காகச் செபியுங்கள்.