சூர்யா கிழங்கும் அப்பாவோட சர்க்கரையும்

சூர்யான்னதும் நடிகர் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லைங்க. இது உருளைக்கிழங்கு. முழுப்பேர் குஃப்ரி சூர்யா. சிம்லா பக்கத்துல குஃப்ரின்னு ஒரு ஊர் இருக்கு. சிம்லாவுல இருக்குற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்து ரகங்களுக்கெல்லாம் அந்த ஊர்ப்பேர்தான் இனிஷியல். இது 2006-ல வந்தது, சூடு தாங்குற ரகம்.

தொண்டாமுத்தூர்ல எங்களுக்குக் கொஞ்சம் பூமி இருக்கு. போன வருசம் சின்ன வெங்காயம் கையைச் சுட்டதும் அப்பா "பண்ணையம் போதும், குடுத்துரலாம்"னு சொல்லிட்டார். புரோக்கர் மாமா வாரம் ரெண்டு தடவை வந்து காபி குடிச்சுட்டுப் போக ஆரம்பிச்சார். பொட்டி தட்டுற நான் என்ன சொன்னாலும் "நீயா வந்து மம்முட்டி புடிக்கப் போற?"ம்பார். நியாயமான கேள்விதான். அந்த ரோசத்துல மூணு சென்ட் கேட்டு வாங்கினேன்.

முதல்ல ஊட்டி விதையைத்தான் யோசிச்சேன். விவசாயம் படிச்ச நண்பன் திட்டினான். நீலகிரி மண்ணுல 1961-லயே உருளைக்கிழங்கு நூற்புழுவைக் கண்டுபிடிச்சிருக்காங்க. பொடிப் பொடியா கூடு கட்டி, செடியே இல்லாட்டியும் வருசக்கணக்கா மண்ணுக்குள்ள உயிரோட கிடக்குமாம். விதையில ஒட்டுன மண்ணோட அதையும் கூட்டிட்டு வந்தா விக்கப் போற பூமியும் வீணாப் போகும். கடைசியில, கூட வேலை பாக்குற ஜலந்தர்காரன் அவங்க ஊர்ல இருந்து 20 கிலோ வரவழைச்சுக் குடுத்தான். (பதிலுக்கு அவனோட நைட் ஷிப்ட் நாலு நான் பாத்தேன்.)

நவம்பர்ல நட்டோம். பொதுவா ராத்திரி சூடு 20 டிகிரிக்கு மேலயே நின்னா உருளை கிழங்கு வைக்காது, செடிதான் தளதளன்னு வளரும். இந்த ரகம் இன்னும் ரெண்டு டிகிரி பொறுத்துக்கும்னாங்க. நான் தெர்மாமீட்டர் மாட்டி தினமும் எக்ஸெல்ல ஏத்தினேன். அப்பா எட்டிப் பாத்துட்டு, "அதுக்கு சளியா புடிச்சிருக்கு?"ன்னார். ஒரு மாசத்துல மண் அணைக்கணும். வெயில் பட்டா கிழங்கு பச்சையாகி நஞ்சாயிரும். எனக்கு ரிலீஸ் நேரம்ங்கறதால அம்மாதான் அணைச்சாங்க.

ஜனவரியில ஒரு நாள் விடிகாலை பாத்தா பாதிப் பாத்தி உழுது போட்ட மாதிரி கிடக்குது. யானைன்னு நெனச்சேன். "யானை வாழைக்கு வரும். இது பன்னி"ன்னார் அப்பா. வேற ஒண்ணும் சொல்லலை. அன்னிக்கு ராத்திரி டார்ச்சும் பழைய எண்ணெய் டின்னும் எடுத்துட்டு, தோட்டத்துல கயித்துக் கட்டிலைப் போட்டுப் படுத்துட்டார். வேண்டாங்ப்பான்னேன், கேக்கலை. அறுபத்திரெண்டு வயசு. சர்க்கரை இருக்கு, உருளைக்கிழங்கு தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். தனக்கு ஆகாத கிழங்குக்குப் பன்னண்டு ராத்திரி காவல். நடுராத்திரி டின் சத்தம் கேக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போயிரும். ரெண்டு ராத்திரி நானும் போய்ப் படுத்தேன். வெங்காயக் கடன் எவ்வளவுன்னு அந்த இருட்டுலதான் முதல் தடவையா எங்கிட்டச் சொன்னார். நான் நெனச்சதுக்கு ரெண்டு மடங்கு.

தப்பினது 110 கிலோ. அம்மா தோலோட வேகவெச்சு, சின்ன வெங்காயம், வரமிளகா, கறிவேப்பிலையோட கடலெண்ணெயில முறுகலா வதக்கினாங்க. கிழங்குல தண்ணிப் பதம் கம்மி, ஓரமெல்லாம் மொறுமொறுன்னு வந்துச்சு. அப்பா தட்டுக்கு ரெண்டே துண்டு. அதையும் அரை மணி நேரம் சாப்பிட்டார்.

சாயங்காலம் வழக்கம்போல புரோக்கர் மாமா வந்தார். அப்பா காபி குடுத்தார், பையில ரெண்டு கிலோ கிழங்கும் போட்டுக் குடுத்தார். விலைப் பேச்சு வந்துச்சா இல்லையான்னு தெரியலை, நான் கால்ல இருந்தேன்.